ஐந்து பேர், பதினைந்து பேர்: நம் பிள்ளைகளும் தனியார் பள்ளிகளும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டிச் சுங்கை பூலோவில் நடந்த கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஏற்பாட்டுக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "தனியார் பள்ளிகள்: நமக்கு இருக்கும் வழிகள்". நீண்ட காலம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கல்யாண வீட்டிலும் மையத்து வீட்டிலும்கூட என்னைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் கேட்கும் கேள்வி இதுதான். ஒரு சாரார், "மகனை எந்தத் தனியார் பள்ளியில் சேர்க்கலாம்?" என்று கேட்கிறார்கள். இன்னொரு சாரார், "ஐம்பது வருஷம் ஆகிவிட்டதே, சங்கமே சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் கட்டினால் என்ன?" என்று கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் இன்று என்னால் முடிந்த அளவு பதில் சொல்கிறேன்.

முதலில், இந்தக் கேள்வி ஏன் இப்போது எழுகிறது என்று பாருங்கள். சுங்கை பூலோ என்றால் ஒரு காலத்தில் மக்கள் சொன்னது இரண்டு அடையாளங்கள்தாம். ஒன்று, 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு. மற்றொன்று, ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டம். சுற்றிலும் ரப்பர் மரம், நடுவில் கம்பம், சாலையோரத்தில் நாலு கடை. அந்தக் காலத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. தோட்டத்துப் பிள்ளை தோட்டப் பள்ளிக்குப் போகும், கம்பத்துப் பிள்ளை கம்பத்துப் பள்ளிக்குப் போகும். நம் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, கடைக்கு எது பக்கமோ அங்கே போகும். சாயந்திரம் உஸ்தாதிடம் குர்ஆன் ஓதும். அவ்வளவுதான்.

இன்று அப்படி இல்லை. ரப்பர் தோட்டம் இருந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. ரயில் வந்தது. சாலைச் சந்திப்பெல்லாம் பள்ளி விளம்பரப் பதாகைகள். அனைத்துலகப் பள்ளி, இஸ்லாமிய ஒருங்கிணைந்த பள்ளி, தஹ்ஃபீஸ், வீட்டுக் கல்வி மையம் என்று எல்லாமே கார் ஓடும் தூரத்தில் இருக்கின்றன. தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும்போதுதான் பெற்றோருக்குக் குழப்பமும் வருகிறது.

நம் குடும்பங்களுக்கு இன்னொரு கூடுதல் சிக்கல் உண்டு. மற்றவர்கள் ஒரு பள்ளியில் இரண்டு பொருளைத் தேடினால், நாம் மூன்று பொருளைத் தேடுகிறோம். பிள்ளைக்கு மார்க்கக் கல்வி வேண்டும். பிள்ளை தமிழ் பேச, படிக்க, எழுத வேண்டும். கடைசியில் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ போக ஒரு சான்றிதழும் வேண்டும். தேசியப் பள்ளியில் சேர்த்தால் தமிழ் போய்விடும் என்கிறோம். தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் மார்க்கம் போய்விடும் என்கிறோம். மதரஸாவில் சேர்த்தால் சான்றிதழ் போய்விடுமோ என்று பயப்படுகிறோம். மூன்றையும் ஒரே கட்டடத்தில் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் தனியார் பள்ளியின் வாசலில் போய் நிற்கிறோம். அந்த வாசலுக்குள் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

நம் நாட்டில் தனியார் கல்வியைப் பொதுவாக நான்கு வகையாகச் சொல்லலாம்.

முதல் வகை, தேசியப் பாடத்திட்டத்தையே நடத்தும் தனியார் பள்ளி. வகுப்பில் பிள்ளைகள் குறைவு, கவனிப்பு அதிகம். முடிவில் எழுதுவது அதே எஸ்.பி.எம். தேர்வுதான்.

இரண்டாவது, அனைத்துலகப் பள்ளி. முன்பு இவற்றில் மலேசியப் பிள்ளைகள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு இருந்தது. 2012இல் அது நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களும் இந்தப் பக்கம் திரும்பின. முடிவில் பெரும்பாலும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு. ஒன்றை மறக்கக் கூடாது. உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கோ அரசாங்க வேலைக்கோ போக வேண்டுமென்றால் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் கேட்பார்கள். ஆகவே, அனைத்துலகப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் எஸ்.பி.எம். மலாய்மொழித் தாளைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, தனியார் சமயப் பள்ளி. இதிலேயே இரண்டு தினுசு இருக்கிறது. ஒன்று, காலையில் பள்ளிப் பாடம், அதோடு சமயப் பாடம், முடிவில் எஸ்.பி.எம். என்று நடத்தும் ஒருங்கிணைந்த பள்ளி. மற்றொன்று, முழுக்க முழுக்க குர்ஆன் மனனத்துக்கென்றே இருக்கும் தஹ்ஃபீஸ். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டின் பெயர்ப்பலகையும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே நடப்பது வேறு வேறு.

நான்காவது, வீட்டுக் கல்வி. தாய் தகப்பனே சொல்லிக் கொடுப்பது, அல்லது ஒரு மையத்தில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்துவது. இதில் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 2003 ஜனவரி முதல் ஆரம்பக் கல்வி நம் நாட்டில் கட்டாயம். ஆண்டுத் தொடக்கத்தில் ஆறு வயது முடிந்த பிள்ளையை ஆரம்பப்பள்ளியில் சேர்த்தாக வேண்டும். விதிவிலக்கு வேண்டுமென்றால் கல்வி அமைச்சில் முறையாகக் கேட்டுப் பெற வேண்டும். சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. முழுநேர ஹிஃப்ளுக்கு என்று ஏழு, எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் பதியாமலே அனுப்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மார்க்கம் கிடைக்கும் இடம் இருக்கிறது, சான்றிதழ் கிடைக்கும் இடம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடமும் இருக்கிறது. தமிழ்? நான்கில் எதிலும் தமிழ் தானாக வருவதில்லை. மாதம் ஆயிரம் வெள்ளி கட்டினாலும் நம் பிள்ளை தன் நன்னிமாவுக்கு ஒரு கடிதம் எழுதக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. மூன்றையும் வாங்கப் போனவர்கள் இரண்டோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், படித்த இடமும் வேண்டாம். பன்னிரண்டு வயதில் ஆரம்பப்பள்ளி முடித்ததும் அவனை ஒரு தஹ்ஃபீஸில் சேர்த்தார்கள். நல்ல பிள்ளை. பதினாறு வயதுக்குள் முப்பது ஜுஸுவும் மனனம். குடும்பமே கண்ணீர் மல்க விருந்து வைத்தது. பதினெட்டு வயதில் அவன் ஒரு தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்து என்னிடம் நிரப்பச் சொன்னான். "எஸ்.பி.எம். பெறுபேறு" என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. அவன் படித்த இடத்தில் அந்தத் தேர்வுக்கான பாடமே நடக்கவில்லை. அவனுடைய அத்தா என்னைப் பார்த்து, "சார், இவன் ஆயிரத்து நானூறு வருஷப் பாடத்தை மனசில வச்சிருக்கான், இந்தக் கட்டத்தில எழுத ஒண்ணுமில்லையா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவன் தனிப்பட்ட தேர்வாளனாகப் பதிந்து எழுதினான். அதுவும் லேசான காரியம் இல்லை. எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் கிடைக்க மலாய்மொழியில் கட்டாயம் தேற வேண்டும், 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் கட்டாயம் தேற வேண்டும். ஐந்து ஆண்டுப் பாடத்தை ஓராண்டில், பகலில் கடையில் நின்றுகொண்டு, இரவில் படித்தான். குர்ஆனை மனனம் செய்த மூளைக்கு இது முடியாத காரியம் இல்லை. ஆனால், சேர்க்கும்போதே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை இரண்டு ஆண்டு வயதை இழந்திருக்க மாட்டான்.

ஹிஃப்ளு படிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஹாஃபிஸ் வரட்டும் என்பதே நம் எல்லோருடைய துஆ. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அரசு உதவி பெறும் சமயப் பள்ளிகள், அதாவது எஸ்.ஏ.பி.கே. என்பவை இருக்கின்றன. சாதாரண இடைநிலைப்பள்ளி சிலவற்றில் சமயப் பிரிவு வகுப்புகளும் இருக்கின்றன. தேடிப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2017 செப்டம்பர் 14ஆம் தேதி விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு தஹ்ஃபீஸ் தங்கும் விடுதி தீப்பற்றி எரிந்தது. மாணவர்கள் 21 பேர், பொறுப்பாளர்கள் இருவர், மொத்தம் 23 பேர் மரணமடைந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன். தீ வைத்தது வெளியாட்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் பிள்ளைகள் தப்பிக்க முடியாமல் போனதற்கு ஜன்னல்களில் இருந்த இரும்புக் கம்பிகள் ஒரு காரணம். தங்கும் விடுதியில் பிள்ளையை விட்டுவிட்டு வரும் ஒவ்வொரு பெற்றோரும் அந்தக் கம்பிகளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சட்ட விவரம் உண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எல்லாக் கல்வி நிறுவனங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. ஆனால் சமயம் மட்டுமே போதிக்கப்படும் இடம் அந்தச் சட்டத்தின் "கல்வி நிறுவனம்" என்ற விளக்கத்துக்குள் வராது. அவை மாநிலச் சமய இலாகாவின் பொறுப்பு. சிலாங்கூரில் அது ஜாயிஸ். ஆகவே, எந்தக் கதவைத் தட்டி விசாரிப்பது என்பதே பள்ளியின் வகையைப் பொறுத்து மாறும்.

அதனால் ஒரு தனியார் பள்ளியில் பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்கிற நாம், பிள்ளையைக் கொடுக்கும்போது மட்டும் ஏன் தலையைக் குனிந்துகொண்டு வர வேண்டும்?

முதல் கேள்வி: பதிவுச் சான்றிதழ் எங்கே? கல்வி அமைச்சின் பதிவோ சமய இலாகாவின் பதிவோ, காகிதத்தைக் கண்ணால் பாருங்கள். விடுதி இருந்தால் தீயணைப்பு இலாகாவின் அனுமதியையும் கேளுங்கள். மாடிக்கு ஏறி, பிள்ளைகள் படுக்கும் அறையின் ஜன்னலைத் திறந்து பாருங்கள். இரண்டாவது வாசல் எங்கே, இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது: பதினேழு வயதில் என் பிள்ளையின் கையில் என்ன சான்றிதழ் இருக்கும்? "எங்கள் சொந்தச் சான்றிதழ்" என்று சொன்னால், அதை வைத்து எங்கே சேர முடியும் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

மூன்றாவது: ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் அனுமதி இருக்கிறதா? போன ஆண்டு இருந்த ஆசிரியர்களில் இந்த ஆண்டும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆசிரியர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் பள்ளியில் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

நான்காவது கேள்வி பள்ளியிடம் கேட்பது இல்லை, நம்மிடமே கேட்பது: கடைசி வரை நம்மால் கட்ட முடியுமா? மாதம் 800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 9,600. முதலாம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை பதினொரு ஆண்டு. ஒரு பிள்ளைக்கு 1,05,600 ரிங்கிட். மூன்று பிள்ளைகள் இருந்தால் 3,16,800. இதில் பேருந்து, சீருடை, புத்தகம் சேரவில்லை, கட்டண உயர்வும் சேரவில்லை. பெரிய அனைத்துலகப் பள்ளிகள் சிலவற்றில் ஒரே ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது, அது வேறு உலகம். நான் பார்த்த மிகப் பெரிய வேதனை, மூன்றாம் ஆண்டு வரை கட்டிவிட்டு, வியாபாரம் படுத்ததும் பிள்ளையைப் பாதியில் எடுப்பது. அந்தப் பிள்ளை மலாய் மொழியிலும் பின்தங்கி, புதுப் பள்ளியில் நண்பர்களும் இல்லாமல் தவிக்கும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதைவிட, கட்டணமில்லாத பள்ளியில் சேர்த்து, மிச்சப் பணத்தைப் பிள்ளையின் மேற்படிப்புக்கு வைப்பது மேல்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சங்கமே ஒரு பள்ளி கட்டினால் என்ன?

நம் மக்கள் அதைச் செய்திருக்கிறார்கள். வெகு தூரம் போக வேண்டாம், ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் போதும். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற நம்மைப் போன்ற ஒரு சங்கம் 1946இல் ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். போர் முடிந்து அதிக காலம் ஆகாத நேரம், அரிசிக்கே பங்கீட்டு அட்டை பிடித்து நின்ற காலம். அப்போது உழைப்பாளிகளும் சிறு வியாபாரிகளும் சேர்ந்து கட்டிய பள்ளி அது. 1960இல் அது உயர்நிலைப்பள்ளியாகவே வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழியில் நடந்த ஒரே உயர்நிலைப்பள்ளி அதுதான். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள்.

1982இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. பணமில்லாமல் போனதோ மனமில்லாமல் போனதோ காரணம் இல்லை. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கினார்கள், பிள்ளைகள் குறைந்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த ஆண்டே, 1983இல், அதே பெயரில் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் தொடங்கியது. தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாத மாணவர்கள் அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள். முழுப் பள்ளியாக நிற்க முடியாதது, வகுப்பாக நின்றுவிட்டது. அந்தப் பாடம் நமக்கு மிகவும் வேண்டியது.

"சீனர்கள் நடத்துகிறார்களே" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, அரசாங்க உதவியை விட்டுக்கொடுத்துத் தனித்து நின்ற சீன இடைநிலைப்பள்ளிகள் இன்றும் ஏறக்குறைய 60 இருக்கின்றன. அவற்றை அவர்களுடைய சங்கங்களும் வணிகர்களும் தாங்குகிறார்கள். பணம் மட்டும் அவற்றைத் தாங்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வந்து சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் பெரிய தூண்.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு வகுப்பு, வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள், மொத்தம் 60 பேர் என்று வைப்போம். எட்டு ஆசிரியர்கள், ஆளுக்கு 2,500 சம்பளம் என்றால் 20,000. ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அது 2,600. வாடகை 5,000, மின்சாரம், தண்ணீர், காப்புறுதி என்று ஒரு 3,000. மாதம் 30,600 ஆகிறது. பிள்ளைக்கு 510 ரிங்கிட். அறுபது பேர் வந்தால்தான் இந்தக் கணக்கு. நாற்பது பேர் வந்தால் 765. அப்போது இன்னும் பத்துப் பேர் விலகுவார்கள். இது சுழல் மாதிரி, உள்ளே இழுக்கும்.

அப்படியென்றால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். என் பேச்சின் மையமே இனிமேல்தான். இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஐந்து, பதினைந்து.

ஐந்து என்பது என்ன? 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. ஒரு கல்வி நிறுவனத்தில் முஸ்லிம் மாணவர்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களுக்கு இஸ்லாமியச் சமயக் கல்வி கொடுத்தாக வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். தமிழ்ப்பள்ளியும் இதற்குள் வரும், தனியார் பள்ளியும் வரும். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் மார்க்கம் கிடைக்காது என்று நாம் ஐந்து குடும்பமும் ஐந்து திசையில் போய்விடுகிறோம். பள்ளிக்கு ஒரு முஸ்லிம் பிள்ளை, இரண்டு முஸ்லிம் பிள்ளை என்று சிதறிக் கிடக்கிறோம். அதே ஐந்து பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் சட்டம் நம் பக்கம் நிற்கும். மாலையில் மாநிலச் சமயப் பள்ளி வேறு இருக்கிறது.

பதினைந்து என்பது என்ன? தேசியப் பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும். அதே சட்டத்தில் தேசியப் பள்ளி என்றால் என்ன என்று சொல்லும் விளக்கத்திலேயே இது இருக்கிறது. இடைநிலைப்பள்ளிக்கும் உண்டு. நேற்று வந்த சலுகையும் இல்லை, 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையிலிருந்தே வருகிற உரிமை. பி.ஓ.எல். வகுப்பு என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான்.

கவனியுங்கள், ஒரே வகுப்பில் பதினைந்து பேர் வேண்டாம், பள்ளி முழுவதிலும் பதினைந்து பேர் போதும். எல்லாரும் முஸ்லிம்களாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதே பள்ளியில் படிக்கும் இந்து, கிறிஸ்துவத் தமிழ்ப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேருவார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், "நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்பதற்கு என்ன தயக்கம்? தோட்டத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்தானே நாம் எல்லாரும்.

இதில் சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கடிதம் கொடுத்த மறுநாளே ஆசிரியர் வந்துவிட மாட்டார். நேர அட்டவணையில் ஓர் ஓரத்தில்தான் இடம் கிடைக்கும். பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்துப் போனதும் எண்ணிக்கை குறையும், மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டும். தனித்தனியாகப் போகும் பெற்றோர் இந்த இடத்தில்தான் சலித்துப் போகிறார்கள். சலிக்காமல் ஆண்டுதோறும் அதே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும். ஐம்பது ஆண்டாகச் சந்தா வசூலித்து, மையத்து வாகனம் அனுப்பி, நோன்புக் கஞ்சி காய்ச்சிய சங்கத்துக்கு இது முடியாத வேலையா?

தமிழைத் தொடர்ந்து படித்தால் பயனும் உண்டு. எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியும் இருக்கிறது, தமிழ் இலக்கியமும் இருக்கிறது. தமிழாசிரியர் ஆக வேண்டுமென்றால் தமிழ்மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும். அதைவிட முக்கியம், அரபு எழுத்திலேயே தமிழை எழுதி, அர்வி என்று ஒரு எழுத்து மரபையே வளர்த்த முன்னோர்களின் பிள்ளைகள் நாம். மார்க்கமும் தமிழும் ஒன்றோடொன்று மோதும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

ஆகவே, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஒரு பதிவேடு. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்ற பட்டியல். எந்தப் பள்ளியில் நான்கு பேர் இருக்கிறார்கள், ஐந்தாவது ஆளை எங்கே தேடலாம், எந்தப் பள்ளியில் பன்னிரண்டு கையெழுத்து இருக்கிறது, இன்னும் மூன்று வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். மண்டப வாசலில் ஒரு மேசையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிரியாணிக்குப் போகும் முன் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, வார இறுதி வகுப்பு. பி.ஓ.எல். வகுப்பு கிடைக்கும் வரைக்கும், கிடைத்த பிறகும், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் இந்த மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கட்டும். கரும்பலகை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்னோடு சேர்த்து சிலர் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், தேத்தண்ணி போதும்.

மூன்றாவது, எஸ்.பி.எம். நிதி. கட்டடம் கட்ட ஒதுக்க நினைக்கும் பணத்தில் ஒரு பங்கை, தஹ்ஃபீஸில் படித்துவிட்டுத் தனிப்பட்ட தேர்வாளராக எழுத வரும் பிள்ளைகளுக்கும், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் டியூஷனுக்கும் கொடுங்கள். அந்த விண்ணப்பத்தின் கட்டம் இனி எந்த வீட்டிலும் காலியாக இருக்கக் கூடாது.

தனியார் பள்ளிக்கு அனுப்ப வசதி உள்ளவர்கள் தாராளமாக அனுப்புங்கள், நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அங்கே படிக்கும் பிள்ளையையும் சனிக்கிழமை இங்கே கொண்டுவந்து விடுங்கள். வசதி இல்லாதவர்கள், நம் பிள்ளைக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று மனம் வருந்த வேண்டாம். நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைத்ததில் பாதி, கேட்டால் கிடைக்கும் உரிமையாகச் சட்டத்தில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு ஐந்து பேர் வேண்டும், பதினைந்து பேர் வேண்டும். இந்த மண்டபத்தில் அதைவிட நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கு நல்ல கல்வியையும் நல்ல குணத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. இந்தச் சங்கத்தை உண்டாக்கி, இன்று நம்மோடு இல்லாத பெரியவர்களின் கப்ருகளை அவன் வெளிச்சமாக்குவானாக. ஆமீன்.